நெஷெரும் கழுகும்: ஒரு பறவைப் பெயரின் மொழிபெயர்ப்புப் பற்றி

திருமறையில் இடம்பெறும் பறவைகளுள் நம் பிரசங்க மேடைகளில் மிகுதியாகப் பேசப்படுவது கழுகே. புறாவுக்கும் அடைக்கலான் குருவிக்கும்கூட அத்துணை வாய்ப்புக் கிட்டியதில்லை. ஏசாயா 40-ஆம் அதிகாரத்தின் இறுதி வசனம், 103-ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனம், உபாகமம் 32-இல் மோசேயின் பாட்டில் வரும் கூட்டைக் கலைக்கும் பறவை ஆகிய மூன்றும் புத்தாண்டு ஆராதனைகளிலும் வாலிபர் கூடுகைகளிலும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகின்றன. அச்சொற்பொழிவுகளில் கழுகு பறவைகளின் வேந்து; புயலை எதிர்த்து மேலெழும்புவது; தன்னந்தனியாய் வாழ்வது; செத்ததைத் தொடாதது. இவற்றுள் கடைசிக் கூற்றே நம்மை இங்கு நிறுத்துகிறது. செத்ததைத் தொடாத கழுகு எந்த மொழியின் கழுகு? அது எபிரெயத்தின் கழுகன்று, தமிழின் கழுகுமன்று. ஆங்கில நூல்களிலிருந்து வந்து தமிழ்ப் பெயரைச் சூடிக்கொண்ட வேறொரு பறவை அது என்பதே நம் கருத்து.

எபிரெயப் பழைய ஏற்பாட்டில் இப்பறவைக்கு வழங்கும் பெயர் ‘நெஷெர்’. இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் இச்சொல் வருகிறது. தானியேலின் அரமேயப் பகுதியில் இது ‘நெஷார்’ என்று நிற்கும். அரபியில் இதன் உடன்பிறப்பு ‘நஸ்ர்’. அம்மொழியில் அலகால் சதையைக் கிழிப்பதைக் குறிக்கும் வினையும் இதே எழுத்துகளால் ஆனதே. அரபு மக்கள் ‘நஸ்ர்’ என்று அழைப்பது பிணந்தின்னும் பெரும்பறவையை. வேட்டையாடி உண்ணும் பறவைக்கு அவர்களிடம் ‘உகாப்’ என்ற தனிப்பெயர் உண்டு. உறவு மொழிச் சான்று ஒன்றே ஒரு சொல்லின் பொருளை முடிவு செய்துவிடாது. எனினும் அது காட்டும் திசையை அலட்சியம் செய்யலாகாது.

திருமறையின் உட்சான்றுகளுள் தலையாயது மீகா 1:16. பிள்ளைகளை இழந்த யூதேயா, துக்கத்தின் அடையாளமாகத் தலையைச் சிரைத்து நெஷெரைப்போல மொட்டையாக வேண்டும் என்று தீர்க்கன் அங்கே கூறுகிறான். வேட்டைப் பறவையாகிய பொன்னிறக் கழுகின் தலையிலும் பிடரியிலும் அடர்ந்த இறகுகள் உண்டு; அதனை மொட்டைக்கு உவமை கூறுதல் இயலாது. பாலஸ்தீனத்தின் செங்குத்தான பாறை விளிம்புகளில் கூட்டமாய்க் கூடு கட்டும் பெரும்பறவைக்கோ தலையும் கழுத்தும் குட்டையான வெண்தூவி மட்டுமே போர்த்தவை. சற்றுத் தொலைவிலிருந்து காண்போர்க்கு அது மழித்த தலையே. விரித்த சிறகின் அகலம் 2.4 முதல் 2.8 மீட்டர் வரை இருக்கும் அப்பறவையையே இக்கால எபிரெய உயிரியலாரும் ‘நெஷெர்’ என்கின்றனர். வேட்டைப் பறவைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அயித்’. பேச்சு வழக்கில் மட்டும் இஸ்ரவேலரும் இரண்டையும் குழப்புவதுண்டு.

யோபு 39-ஆம் அதிகாரத்தின் முடிவில் நெஷெரின் வாழ்க்கை நான்கு வசனங்களில் விரிகிறது. உயரத்தில் கூடு, பாறைமுகட்டில் குடியிருப்பு, நெடுந்தொலைவை அளக்கும் கண், குருதியை உறிஞ்சும் குஞ்சுகள், கொலையுண்டோர் கிடக்குமிடத்தில் அதன் வருகை. பெற்றோரை இகழும் கண்ணை நெஷெரின் குஞ்சுகள் தின்னும் என்று நீதிமொழிகள் 30:17 எச்சரிக்கிறது. இவ்விரண்டு இடங்களையும் ‘செத்ததைத் தொடாத’ பறவையோடு பொருத்திக் காட்ட எவராலும் இயலாது.

இதனை முதன்முதல் வலியுறுத்தியோருள் ஒருவர் நம்மைப்போன்ற ஒரு போதகரே. ஹென்றி பேக்கர் டிரிஸ்ட்ராம் (1822–1906) என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் பாலஸ்தீன நாட்டில் பன்முறை பயணம் செய்து, அங்குள்ள பறவைகளை நேரில் ஆராய்ந்தவர். 1867-இல் வெளிவந்த அவருடைய திருமறை இயற்கை வரலாற்று நூல், மீகாவின் வசனத்தைக் காட்டி, நெஷெர் என்பது ஆங்கில வேதாகமம் கூறும் பறவையன்று எனத் தெளிவுபடுத்திற்று. அந்நூல் வெளிவந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் நம் மேடைகளில் அதன் எதிரொலி அரிதாகவே கேட்கிறது.

ஆயினும் நியாயத்தின் மறுபக்கத்தையும் கூறியாக வேண்டும். எசேக்கியேல் 17:3-இல் வரும் பெரிய நெஷெர் பலவண்ண இறகுகளை உடையது. மங்கிய பழுப்பு நிறப் பிணந்தின்னிக்கு அவ்வருணனை எளிதில் பொருந்தாது. இரை தேடி விரையும் வேகத்தையும் ஆபகூக் 1:8 சிறப்பித்துக் கூறும். வேட்டைக் கழுகுகளும் செத்த இரையைக் கண்டால் விடுவதில்லை. ஆகவே பிணத்தருகே வந்தது என்பதொன்றையே கொண்டு இனத்தைத் தீர்மானிக்க முடியாது. இக்கால உயிரியலார் வகுத்த எல்லைகள் பழைய எபிரெயருக்குத் தெரிந்தவையல்ல. வானத்தில் சிறகடிக்காமல் வட்டமிடும் பெரும்பறவை அவர்களுக்கு நெஷெர்; அவ்வட்டத்தின் நடுவில் முதலாவதாக நின்றது பிணந்தின்னும் பெரும்பறவை. இதற்கு மேல் துல்லியம் கோருவது பழஞ்சொல்லை நெருக்குவதாகும்.

அப்படியானால் வேட்டைப் பறவை மட்டும் உள்ளே வந்தது எவ்வாறு? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பில், நெஷெர் ‘அயெத்தொஸ்’ ஆயிற்று. பிணந்தின்னிக்குக் கிரேக்கத்தில் ‘கூப்ஸ்’ என்ற சொல் இருந்தும் மொழிபெயர்ப்பாளர் அதனை எடுக்கவில்லை. அயெத்தொஸும் முற்றிலும் தூய பறவையன்று. செத்ததைத் தின்னும் ஓர் இனத்தையும் அரிஸ்டாட்டில் அயெத்தொஸ் வகையிலேயே சேர்த்துப் பேசுகிறார். ஆனால் அது கிரேக்கருக்குத் தெய்வங்களின் தலைவனாகிய ஸீயுஸின் பறவை. லத்தீனில் ‘அக்குவிலா’ என மாறியபோது ரோமப் படைகளின் கொடிக்கம்பத்தில் ஏறிக்கொண்டது. பின்னர் ஐரோப்பிய அரச குலங்களின் சின்னமாயிற்று. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்துக்குள் நுழைந்தபோது அது அரசவையின் பறவையாகவே நுழைந்தது. ஆங்கிலத் திருச்சபை மரபில் வந்த பழைய ஆலயங்களில் திருமறை வாசிக்கும் மேடையைத் தாங்கி நிற்கும் பித்தளைப் பறவையை நம் வாசகர் பலர் கண்டிருப்பர். அதன் பிடரியில் இறகுகள் எத்துணை அழகாகச் செதுக்கப்பட்டுள்ளன! மீகா அதனைக் கண்டிருந்தால் தம் உவமையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

இனித் தமிழுக்கு வருவோம். ஹென்றி போவர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த வேதாகமமே நம் சபைகளில் இன்றும் பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அதில் மீகா, யோபு, ஏசாயா, சங்கீதம், மத்தேயு ஆகிய எவ்விடத்தும் இப்பறவை ‘கழுகு’ என்றே வருகிறது. இச்சொல்லுக்கு அன்று தமிழர் கொண்டிருந்த பொருள் யாது என்பதே நம் கேள்வி.

செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள திருக்கழுக்குன்றம் இதற்கு வாய்த்த சான்று. நண்பகலில் குன்றின்மேல் பூசகர் அளிக்கும் அன்னத்தை உண்ண இரண்டு பறவைகள் நாள்தோறும் வந்தமையால் அவ்வூர் பெயர் பெற்றது என்பர். வடமொழியில் அது பட்சி தீர்த்தம். கடந்த நூற்றாண்டின் இறுதி வரை அப்பறவைகளைக் கண்டோர் பலர். அவை வேட்டைப் பறவைகள் அல்ல; மஞ்சள் முகமும் அழுக்கு வெண்மையான உடலும் கொண்ட சிறிய பிணந்தின்னி இனம். தமிழ் மக்கள் அவற்றைக் கழுகென்றே அழைத்தனர். இராம கதையில் சீதையைக் காக்கப் போரிட்டு மாண்ட ஜடாயுவை வான்மீகி ‘கிருத்ரம்’ என்னும் பிணந்தின்னி இனத்தரசனாகக் காட்டுகிறார்; தமிழில் அவன் கழுகரசன். பரணி நூல்களின் போர்க்களங்களில் பேய்களோடு விருந்துண்பனவும் கழுகுகளே. மலையாளத்திலும் ‘கழுகன்’ என்றால் இன்றளவும் முதற்பொருள் பிணந்தின்னியே. எருவை, பாறு என்னும் வேறு பெயர்களும் நம் பழைய இலக்கியத்தில் உண்டாயினும், பொதுமக்கள் நாவில் நிலைத்தது கழுகு என்ற பெயரே.

ஆகவே 1871-இன் தமிழ்ச் சொல், அதே காலத்து ஆங்கிலச் சொல்லைவிட எபிரெயத்துக்கு நெருக்கமாக அமைந்தது. மொழிபெயர்ப்பாளர் இதனை ஆய்ந்து செய்தனரா, நாவில் வந்ததை எழுதினரா என்ற வினா நமக்கு முக்கியமன்று. வானில் வட்டமிட்டுப் பிணத்தின்மேல் இறங்கும் பெரும்பறவை என்ற பரப்பு நெஷெருக்கும் கழுகுக்கும் ஏறத்தாழ ஒன்றாயிருந்தது. மொழிபெயர்ப்பில் இத்தகைய பொருத்தம் அடிக்கடி வாய்ப்பதன்று.

அண்டை மொழிகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை புலப்படும். இந்தி வேதாகமத்தில் ஏசாயாவின் பறவை ‘உகாப்’. மத்தேயு 24:28-இல் பிணத்தைச் சூழ்ந்து கூடுவது ‘கித்த’, அதாவது பிணந்தின்னி. மீகாவின் மொட்டைத் தலையும் ‘கித்த’வுக்கே அளிக்கப்பட்டுள்ளது. ஒரே எபிரெயச் சொல், மேன்மை தோன்றும் இடத்தில் ஒரு பெயராலும் அருவருப்புத் தோன்றும் இடத்தில் வேறொரு பெயராலும் வருகிறது. தெலுங்கில் ஏசாயாவின் பறவை ‘பட்சிராஜு’. மத்தேயுவில் கூடுபவை ‘கத்தலு’ என்னும் பருந்துகள். தமிழும் மலையாளமும் மட்டும் இரண்டிடத்தும் ஒரே பெயரை வைத்திருக்கின்றன. இக்கால ஆங்கில மொழிபெயர்ப்புகளும் மத்தேயுவில் பிணந்தின்னியை வைத்து, ஏசாயாவில் வேட்டைப் பறவையை விடாமல் வைத்திருக்கின்றன. கிரேக்க மூலத்தில் மத்தேயுவின் சொல் அயெத்தொஸ்தான். கிரேக்க ஏசாயாவிலும் அதே சொல்தான் என்பதை இங்கு நினைவுகூர்வது நலம்.

இவ்வாறு பிரிப்பதில் வரும் இழப்பு என்ன? லேவியராகமம் 11:13-இலும் உபாகமம் 14:12-இலும் இஸ்ரவேலர் உண்ணலாகாத பறவைகளின் பட்டியல் உள்ளது. அப்பட்டியலின் முதற்பெயர் நெஷெர். அருவருக்கப்பட வேண்டியவற்றுள் முதலிடம் அதற்கே. அதே நியாயப்பிரமாணத்தில், யாத்திராகமம் 19:4-இல், அடிமைத்தனத்திலிருந்து தம் மக்களை நெஷெரின் சிறகுகளில் சுமந்துவந்ததாகக் கடவுள் தம்மைப் பற்றிச் சொல்கிறார். தீட்டான பறவைகளின் தலையிலுள்ள பெயரே மீட்பின் செயலுக்கு உவமையாகிறது. மோசேயின் பாட்டிலும் அவ்வாறே. இம்முரண்பாட்டை எபிரெய ஆசிரியர் எவரும் மறைக்கவில்லை, விளக்கவும் முயலவில்லை. பட்சிராஜன் என்று பெயரிட்ட மாத்திரத்தில் இம்முரண் மறைந்துபோகிறது. பட்டியல் ஒரு பறவையைக் குறிக்கும், உவமை வேறொரு பறவையைக் குறிக்கும்.

யாத்திராகமம் 19-இல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எகிப்திலிருந்து புறப்பட்டவர்கள் என்பதையும் நோக்க வேண்டும். மேல் எகிப்தின் காவல் தெய்வமாகிய நெக்பெத் பிணந்தின்னிப் பறவையின் உருவில் வணங்கப்பட்டது. பார்வோனின் தலைக்கு மேல் சிறகு விரித்துக் காக்கும் வண்ணம் அதனைச் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் தீட்டினர். எகிப்திய சித்திர எழுத்தில் ‘தாய்’ என்ற சொல்லை எழுதப் பயன்பட்ட வடிவமும் அப்பறவையே. அரசன்மேல் விரிந்திருந்த அதே சிறகு, செங்கல் அறுத்த அடிமைகளைச் சுமந்தது எனக் கேட்பது அவர்களுக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை மாணவர் சிந்திக்கலாம். எபிரெய ஆசிரியர் எகிப்திய உருவத்தை மனத்தில் கொண்டே எழுதினார் என்று நிறுவ நம்மிடம் ஆதாரமில்லை. ஆனால் அன்றைய உலகில் இப்பறவையை நோக்கிய கண் நம் கண்ணைப்போல் அருவருப்பு ஒன்றையே கண்டதன்று என்பது உறுதி.

நம் அருவருப்புக்கோ ஒரு வரலாறு உண்டு. செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துச் சென்று தோலுரிக்கும் வேலையை ஒரு சாராரின் தலையில் கட்டி, அவ்வேலையின் பொருட்டே அவர்களைத் தீட்டுடையோர் என ஒதுக்கிய ஊர்கள் நம்முடையவை. அவர்கள் விட்டுவந்த எச்சத்தைத் துப்புரவாக்கியது கழுகு. ஊர் இருவரையும் ஒரே கண்ணால் நோக்கிற்று. நம் சபைகளுள் பெரும்பகுதி அம்மக்களின் வழிவந்தது. 1980-களில் தலித் இறையியல் எழுந்தபோது, அம்மக்களின் உழைப்பையும் இழிவையும் கடவுளைப் பற்றிய பேச்சுக்கு வெளியே நிறுத்த முடியாது என்பதை நம் கல்லூரிகள் கற்றன. அப்படியிருக்க, செத்ததைத் தொடாத, கூட்டத்தோடு சேராத, உயரத்தில் மட்டுமே வாழ்கிற ஓர் உயர்குலப் பறவையை நம் மேடைகளிலிருந்து போற்றுவது யாருடைய மதிப்பீடு? பிரசங்கியார் இதனை எண்ணிப் பேசுவதில்லை என்பதை நாம் அறிவோம். எண்ணாமல் பேசப்படுவதே கவலைக்குரியது.

பட்டியலைத் தொட்டபின் மேலும் இரண்டு பெயர்களைப் பற்றிக் கூறாமல் செல்ல இயலவில்லை. நெஷெரை அடுத்து வருவது ‘பெரெஸ்’. ‘உடைப்பது’ என்பது சொற்பொருள். எலும்புகளை உயரத்திலிருந்து பாறைமேல் போட்டு உடைத்து உண்ணும் தாடிக்கழுகே அது என்பர் பெரும்பாலோர். இந்தியில் எலும்பு உடைப்பது என்ற பொருளில் ‘ஹட்ஃபோட்’ என்று செவ்வையாக வைத்தனர். நம் மொழிபெயர்ப்பு இங்கே ‘கருடன்’ என்கிறது. அண்டை வீட்டார் கைகூப்பி வணங்கும் ஒரு பெயரை அருவருப்பின் பட்டியலில் எழுதியது தேவையற்ற உரசல். மூலத்துக்கும் அது பொருந்தவில்லை. திருத்தம் செய்வோர் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுவென்போம்.

மற்றொன்று 18-ஆம் வசனத்தின் ‘ராகாம்’. இதுவே திருக்கழுக்குன்றத்திற்கு வந்த மஞ்சள்முகப் பறவையின் எபிரெயப் பெயர் என்று கொள்வர். நம் மொழிபெயர்ப்பில் இது ‘குருகு’ ஆகிவிட்டது! நீர்க்கரையில் நிற்கும் நாரை இனத்தின் பெயரை ஏற்று, தமிழ்நாட்டுப் பயணிகள் தலைமுறை தலைமுறையாய் அண்ணாந்து பார்த்த பறவை பட்டியலில் அடையாளமிழந்து நிற்கிறது. இப்பெயரைப் பற்றி மேடையில் கேட்கப்படும் ஒரு விளக்கமும் உண்டு: ராகாம் என்பதும், கருப்பை, இரக்கம் ஆகியவற்றுக்கான எபிரெயச் சொற்களும் ஒரே மூன்று மெய்யெழுத்துகளால் ஆனவை, ஆகவே இப்பறவை ‘இரக்கமுள்ளது’ எனப் பெயர் பெற்றது என்பது. கேட்க இனிது, ஆனால் அரபி இதனை ஒப்புவதில்லை. இரக்கத்தைக் குறிக்கும் ‘ரஹ்மா’ என்ற அரபிச் சொல்லில் நடு எழுத்து ஒன்று. பறவையைக் குறிக்கும் ‘ரக்கமா’ என்ற சொல்லில் நடு எழுத்து மற்றொன்று. எபிரெயத்தில் அவ்விரண்டு ஒலிகளும் ஒரே எழுத்தில் கலந்துவிட்டமையால் சொற்கள் உறவுபோல் தோன்றுகின்றன. தமிழிலும் கழுகைக் ‘கழுவு’ என்ற வினையோடு இணைத்து, ஊரைக் கழுவுவதால் கழுகு எனச் சொல்ல ஒருவர்க்கு ஆசை எழக்கூடும். ஓசை ஒற்றுமை வேர் ஒற்றுமையன்று. நாம் விரும்பும் முடிவுக்குத் துணை வருகிறது என்பதற்காகப் பிழையான சொற்பிறப்பை ஏற்பதற்கில்லை.

சொற்பிறப்பைவிட வலிமை மிக்கது கதை. நாற்பது வயதில் கழுகு மலையேறித் தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, புதிய அலகு வளர்ந்தபின் நகங்களையும் இறகுகளையும் பிடுங்கி, புத்துயிர் பெற்று மேலும் முப்பது ஆண்டு வாழ்கிறது என்னும் கதையைக் கேளாத சபை இன்று தமிழ்நாட்டில் இராது. இது உண்மையன்று. அலகை இழந்த பறவை உணவின்றி மடியும். இறகுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து முளைப்பதும் பறவை இனம் முழுவதற்கும் பொதுவானது. கதையின் மரபுவழியோ சுவையானது. முதிய அயெத்தொஸின் மேலலகு வளைந்து வளர்ந்து, உண்ண முடியாமல் அது பட்டினியால் சாகிறது என்று எழுதியவர் அரிஸ்டாட்டில். சாவோடு அவர் நிறுத்திக்கொண்டார். ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழித்து 103-ஆம் சங்கீதத்துக்கு விளக்கம் கூறிய அகஸ்தீன், அப்பறவை அலகைப் பாறையில் தேய்த்து நீக்கி மீண்டும் உண்டு வலிமை பெறுகிறது என்று தொடர்ந்தார். அந்தப் பாறை கிறிஸ்து. பிசியோலொகுஸ் என்னும் பழைய கிறிஸ்தவ விலங்குநூலில், அதே பறவை சூரியனை நோக்கிப் பறந்து பின் நீரூற்றில் மும்முறை மூழ்கி இளமை பெறும். அகஸ்தீனின் கதையில் பாறைக்கு இடமிருந்தது; அவர் பேச விரும்பியது கிருபையை. நம் காலத்துக் கதையில் பாறை வெறும் கருவி; பறவை தன் மனவுறுதியால் தன்னையே புதுப்பித்துக்கொள்கிறது. வணிக நிறுவனங்களின் ஊக்கவுரைக்கு அது பொருந்தலாம். சங்கீதக்காரனோ இளமை புதுப்பிக்கப்படுவதை நன்மையால் நிரப்பும் கடவுளின் செயலாகவே பாடுகிறான். பறவையியலில் நேர்ந்த பிழையைவிட இப்பிழை பெரிது.

ஏசாயா 40-க்கும் இது பொருந்தும். பாபிலோனின் சிறையிருப்பில் சோர்ந்திருந்தோருக்கு உரைக்கப்பட்ட வார்த்தை அது. புயலை எதிர்க்கும் வீரம் அங்கே பேசப்படவில்லை. கர்த்தருக்குக் காத்திருப்பது பேசப்படுகிறது. பெரிய பிணந்தின்னிப் பறவை தன் உடற்பாரத்தைச் சிறகடித்துத் தூக்குவதற்கு மிகவும் வருந்துவது. காலையில் வெயில் ஏறி நிலம் சூடாகிக் காற்று மேலெழும்பும் வரை பாறையிலேயே அமர்ந்திருந்து, பின் அக்காற்றில் ஏறி அசையாச் சிறகோடு நெடுநேரம் மிதக்கும். தீர்க்கன் இதனை நோக்கியிருந்தானா என்பதை வசனம் சொல்லவில்லை. ஆகையால் இதனையே பொருளென்று மேடையில் முழங்கும் உரிமை நமக்கும் இல்லை. உவமையாகிய பறவையின் நடத்தை வசனத்தின் போக்கோடு முரண்படவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

இன்று மற்றொரு சிக்கல் எழுந்துள்ளது. கழுகு என்ற தமிழ்ச் சொல்லின் பொருளே நம் கண்முன் மாறிக்கொண்டிருக்கிறது. பள்ளிப் பாடங்களும் அகராதிகளும் ஆங்கிலப் பறவையின் பெயருக்கு நேராகக் கழுகை வைத்தமையால், பழைய கழுகுக்குப் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்று அடைமொழி தேவைப்பட்டது. பறவை ஆர்வலர் அடைமொழியின் இழிவை விரும்பாது, ‘பாறு’ என்னும் பழஞ்சொல்லை மீட்டெடுத்து வெண்முதுகுப் பாறு, செம்முகப் பாறு என வழங்குகின்றனர், அம்முயற்சி பாராட்டுக்குரியது. பறவையே கண்ணுக்கு மறைந்ததும் பொருள் மாற்றத்தை விரைவுபடுத்தியது. 1990-களில் இந்தியாவின் பிணந்தின்னிப் பறவைகளுள் மூன்று இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. மாடுகளுக்கு வலி நீக்க இடப்பட்ட டைக்குளோஃபினாக் என்ற மருந்தே காரணம் என்று 2004-இல் கண்டறியப்பட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்த இந்திய அரசு தடை விதித்தது. தமிழ்நாட்டில் இன்று இப்பறவைகளைக் காண வேண்டின் முதுமலையை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் செல்ல வேண்டும். இன்றைய இறையியல் மாணவருள் பலர், பிணத்தின்மேல் கழுகு இறங்கியதை ஒருமுறையும் கண்டிராதவர். மத்தேயு 24:28 அவர்களுக்குப் புத்தக வாக்கியம். அவர்கள் பாட்டனாருக்கோ ஊருக்கு வெளியே அன்றாடக் காட்சி.

அப்படியானால் புதிய திருப்புதலில் மீகாவுக்கும் மத்தேயுவுக்கும் பாறு, ஏசாயாவுக்கும் சங்கீதத்துக்கும் கழுகு என்று பிரித்துவிடலாமே எனக் கேட்போர் உண்டு. வாசகருக்கு எளிதாகப் புரியும் என்பது அவர்கள் நியாயம். நாம் அதனை ஏற்கவில்லை. இந்தியும் தெலுங்கும் சென்ற வழி அதுவே; அவ்வழியில் இழந்தது இன்னதென்று மேலே கண்டோம். ஒரே சொல் எல்லாவிடத்தும் நிற்கட்டும்; லேவியராகமம் 11:13-இல் ஓர் அடிக்குறிப்பு இருந்து, இது பிணமுண்ணும் பெரும்பறவை என்றும், யாத்திராகமத்திலும் ஏசாயாவிலும் வருவது இதே பெயரென்றும் கூறட்டும். எல்லா இடத்தும் பாறு என்று மாற்றுவது இன்னும் துல்லியமாகலாம்; ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சபையின் செவியில் ஊறிய சொல்லை எடுத்துவிட்டு, பறவை ஆர்வலர் அல்லாதார் அறியாத சொல்லை வைப்பதற்கு இப்போது காலம் கனியவில்லை.

மத்தேயுவின் வசனத்தைப் பற்றி ஒரு சொல் கூறி முடிப்போம். பிணம் எதனைக் குறிக்கும், கழுகுகள் யாரைக் குறிக்கும் என்பதில் விளக்கவுரையாளர் ஒருமித்ததில்லை. எருசலேமையும் ரோமப் படையின் கொடிப்பறவைகளையும் கண்டோர் உண்டு; தப்பாமல் வரும் நியாயத்தீர்ப்புக்குப் பழமொழியாகக் கொண்டோரும் உண்டு. நான்காம் நூற்றாண்டின் கிறிசொஸ்தொம் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தை விளக்குகையில், இவ்வசனத்தைத் திருவிருந்துக்கே கொண்டுவருகிறார். அவருடைய அயெத்தொஸ் உயரப் பறக்கும் மேன்மையான பறவைதான். திருவிருந்தை அணுகுவோர் அதனைப்போல் மேலே எழும்ப வேண்டும் என்பதே அவர் வலியுறுத்தியது. எனினும் அவ்வசனத்தை எடுத்ததால் அவர் பிணம் என்ற சொல்லைத் தவிர்க்க முடியவில்லை. கர்த்தரின் சரீரத்தை அச்சொல்லால் குறிப்பது அவருடைய மரணத்தின் நிமித்தமே என்று விளக்கிக்கொண்டு அவர் முன்செல்கிறார். பழைய தமிழ்க் கழுகை மனத்தில் கொண்டு இதே பகுதியை வாசிக்கும் மாணவர், கிறிசொஸ்தொம் தொட்டுவிட்டு விரைந்து கடந்த இடத்தில் சற்று நின்று பார்க்கலாம்.